ஆட்சேபணை இல்லாத அலறல்

துறைமுகத்தில் விழுந்தது ஒரு மனிதனாக இருந்திருந்தால் நாலு நாள் பேசிவிட்டு விட்டிருப்பார்கள். விழுந்தது கழிவறைப் பீங்கான். அதுவும் பூப்போட்ட வெளிநாட்டுப் பீங்கான், யாரோ ஒரு பெரிய புள்ளியின் புது மாளிகைக்கு வந்தது. அதனால்தான் ஆணையம் பிறந்தது.

நடந்தது இதுதான். பீங்கான் பெட்டி கிரேன் கொக்கியில் ஆடிக்கொண்டே வந்தது. கீழே நின்ற துருக்கி மாலுமி ஒருவன் ஆபத்தைப் பார்த்துவிட்டு “துர்! துர்!” என்று கத்தினான். அவன் மொழியில் அதற்கு ‘நில்’ என்று அர்த்தம். கிரேனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியின் தாய்மொழி இந்தி. அவர் காதில் அது ‘தூர்’ என்று விழுந்தது. தூரமாகக் கொண்டுபோ என்கிறான் போலிருக்கிறது என்று, இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு என்று கையை வீசினார். பெட்டி கிடங்குச் சுவரில் மோதித் தூள் தூளானது. பெரிய புள்ளிக்கு மாளிகையில் உட்கார இடமில்லாமல் போனது.

அதற்கு முன்னால் அந்தத் துறைமுகத்தில் யாரும் இதைப் பற்றி யோசித்ததே கிடையாது. பல தேசத்து ஆட்கள் வேலை செய்கிற இடம். ஆபத்தென்றால் அவனவன் வாயில் வந்ததைக் கத்துவான், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், நிற்பார்கள். சில சமயம் நிற்கமாட்டார்கள், அடிபடும். இது ஒழுங்கான ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒழுங்குபடுத்த வந்தவர்கள் செய்ததைச் சொன்னால் நீங்களே கும்பிடு போட்டுவிட்டுப் பழைய ஏற்பாடே தேவலை என்பீர்கள்.

‘அபாயச்சொல் ஒருமைப்பாட்டு ஆணையம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். துறைமுகத்திலிருந்து வெகு தூரத்தில், கடல் காற்று படாத ஒரு கட்டடத்தில் அலுவலகம். திறப்பு விழாவில் ஆணையத் தலைவர் பேசினார்.

“உலகத்தில் ஏழாயிரம் மொழிகள் இருக்கின்றன. ஒரு மொழியில் சோறு என்கிற சத்தம் இன்னொரு மொழியில் சுடுகாடாக இருக்கிறது. இந்த ஏழாயிரத்திலும் வேறு எந்த அர்த்தமும் தராத ஒரே ஒரு சொல், நில் என்று மட்டும் பொருள்படும் ஒரு சொல், அதைக் கண்டுபிடிக்கும்வரை நான் ஓயமாட்டேன். என் ஓய்வு வயது ஏற்கெனவே கடந்துவிட்டது என்பதால் இந்த உறுதிமொழியை அளிப்பதில் எனக்குச் சிரமம் எதுவுமில்லை.”

கைதட்டினார்கள்.

ஆணையத்தில் ஒரு தொழிலாளர் பிரதிநிதி இருக்க வேண்டும் என்று விதி. அங்கேதான் நம் ஆள் மாட்டினான்.

துறைமுகத்தில் எல்லோரும் அவனைச் ‘சங்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலைச் சங்கு மாதிரி குரல். அவனுடைய வேலையும் அதுதான். கப்பலின் அடிக்கிடங்கில் சரக்கு இறக்கும்போது கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே இருப்பவர்களுக்கு மேலே வருவது தெரியாது. அது உலக வழக்கம்தான் என்றாலும் துறைமுகத்தில் அதற்காக ஒருவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். கிடங்கு வாயின் ஓரத்தில் நின்று, மேலே ஒரு கை, கீழே ஒரு கூச்சல். கிரேன்காரருக்குப் பெயர் உச்சாணி. எந்நேரமும் உச்சியிலேயே உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். எந்த நாட்டுக்காரர், என்ன மொழி என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, கேட்டால் சிரிப்பார். கீழே கொக்கியைக் கழற்றும் ஆட்களில் ஒருவன் சங்குவின் மச்சினன்.

மச்சினன் என்று சொன்னாலும் பிள்ளை மாதிரி. சங்குவின் பெண்டாட்டி கல்யாணமாகி வரும்போது அரைக்கால் சட்டையோடு இந்தத் தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அப்பா அம்மா இல்லாத பையன். சங்குதான் வளர்த்தான், படிக்க வைத்தான், படிப்பு ஏறாதபோது வேலையிலும் சேர்த்துவிட்டான். இப்போது வளர்ந்து, அக்காவுக்குச் சமமாக வாயடித்து, மாமாவை நாள் முழுக்கக் கேலி செய்துகொண்டிருக்கிறான்.

முதல் கூட்டத்துக்குச் சங்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனான். மெத்தை வைத்த நாற்காலி. கால் புதைகிற விரிப்பு. சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை. பக்கத்து அறையில் தலைவர் மதியம் சற்றுக் கண்ணயர்வது வழக்கமாம். செயலாளர் நடைமுறையை விளக்கினார்: ஒரு சொல்லை முன்மொழிவார்கள், தொழிலாளர் பிரதிநிதி அதைக் கூவிக் காட்டுவார், மொழி நிபுணர்கள் தத்தம் மொழிகளில் அதற்கு வேறு அர்த்தம் உண்டா என்று பார்ப்பார்கள், ஒரே ஒரு மொழியில் இருந்தாலும் சொல் தள்ளுபடி.

“முதல் சொல், நில். கூவுங்கள்” என்றார் செயலாளர்.

சங்கு எழுந்து நின்று, கிடங்கு ஓரத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினான். ஒருவர் கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியது. பக்கத்து அறையில் தலைவர் நாற்காலியோடு சாய்ந்தார்.

“என்னய்யா இது! கத்துறதுன்னா மெதுவா கத்தணும்” என்றார் செயலாளர்.

அன்றிலிருந்து அந்த ஆணையம் உலகத்தின் எல்லா அலறல்களையும் கிசுகிசுப்பில்தான் பரிசோதித்தது.

நிபுணர்களில் மூத்தவருக்குச் சங்கு மனதுக்குள் ‘அகராதி’ என்று பெயர் வைத்தான். இரண்டு அர்த்தத்திலும் பொருந்தியது. எந்த மொழிச் சொல்லைக் கேட்டாலும் கண்ணை மூடி, மூக்கைத் தடவி, வேறொரு மொழியில் அதன் பொருளைச் சொல்லிவிடுவார். கப்பலை மட்டும் பார்த்ததில்லை. தலை சுற்றுமாம்.

“நில்” என்று கண்ணை மூடினார் அகராதி. “ஆங்கிலத்தில் சூன்யம். ஒன்றுமில்லை. இவர் மேலே பார்த்து நில் என்கிறார், கிரேன்காரர் கீழே ஆள் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறார், பாரத்தை இறக்கிவிடுகிறார். தள்ளுபடி.”

சங்குவுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாக ‘நில்லு’ என்று கத்தி யாரையாவது கொன்றிருப்போமோ என்று யோசித்துப் பார்த்தான். யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனாலும் படித்தவர் சொல்கிறார்.

அடுத்து ‘நே’. ஹங்கேரி மொழியில் ‘வேண்டாம்’ என்று அர்த்தம். சின்னச் சொல், வாய்க்கு லேசு. ஆனால் கொரிய மொழியில் அதே ‘நே’ என்றால் ‘ஆமாம்’. கிரேக்கத்திலும் ‘ஆமாம்’. தலைவர் விழித்திருந்த நாள் அது. “ஆமாம் என்று சொல்லி வேண்டாம் என்று நடத்துவது அலுவலகங்களுக்கே உரிய கலை. அதைக் கூலிகளிடம் ஒப்படைக்க முடியாது” என்றார்.

‘ஏய்’ வந்தது. பின்லாந்து மொழியில் அதற்கு ‘இல்லை’ என்று பொருளாம். போயிற்று. யாரோ ‘பாபா’ என்று ஆரம்பித்தார், சுவாஹிலியில் அப்பா என்றும் ரஷ்ய மொழியில் கிழவி என்றும் சண்டை மூண்டு, தேநீர் இடைவேளை விட வேண்டியதாயிற்று.

சங்குவே ஒரு தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு சொல்லை முன்மொழிந்தான். “ஐயோன்னு வெச்சுக்கலாமா ஐயா? யாரா இருந்தாலும் அதுதானே வருது.”

அகராதி முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். “ஐயோ... சீனத்திலும் கிட்டத்தட்ட இதே ஒலி உண்டு. அர்த்தமும் இதேதான்.”

சங்கு பூரித்துப்போனான். “அப்ப நல்லதாப் போச்சு!”

“அதுதானய்யா ஆபத்து. ஒட்டு உறவு இல்லாத இரண்டு மொழியில் ஒரே ஒலி, ஒரே அர்த்தம் என்றால் அது தற்செயல். தற்செயலை நம்பி ஒரு துறைமுகத்தை நடத்த முடியுமா? தள்ளுபடி.”

இந்த இடத்தில் செயலாளருக்கு ஒரு ஞானம் உதித்தது. இத்தனை சொற்கள் ஆபத்தானவை என்று ஆணையமே கண்டுபிடித்த பிறகும் துறைமுகத்தில் அவற்றைத்தானே இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்? உடனே இடைக்கால ஆணை போட்டார்கள். இறுதிச் சொல் அறிவிக்கப்படும்வரை பணியிடத்தில் எந்தச் சொல்லும் உரக்கக் கூவப்படக் கூடாது. அபாயத்தைக் கண்டவர் அருகிலுள்ள மேற்பார்வையாளரிடம் நேரில் சென்று, தணிந்த குரலில் தெரிவிக்க வேண்டும். மீறினால் வேலை போகும். விரித்த உள்ளங்கையைக் காட்டினால் ஏதோ ஒரு நாட்டில் குடும்பத்தையே திட்டியதாக அர்த்தமாம், அதனால் கைகளும் மறு உத்தரவுவரை கால்சட்டைப் பையில் இருக்க வேண்டும். கிரேனை மேற்பார்வையாளர்கள் மேடையிலிருந்து தூரக்கண்ணாடி வழியே பார்த்து வழிநடத்துவார்கள்.

வேலையாட்கள் முணுமுணுத்தார்கள். அதையும் தணிந்த குரலில்தான் செய்ய வேண்டியிருந்தது.

வீட்டில் மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப கம்பிக்கட்டு என் தலைக்கு நேரா வந்துச்சுன்னா என்ன மாமா செய்வீங்க? ஏணியில இறங்கி வந்து காதுல சொல்லுவீங்களா? ‘மாப்ள, தொந்தரவுக்கு மன்னிக்கணும், நீ சாகப்போற’ன்னு?”

“வாயைக் கழுவுடா” என்றாள் அக்கா. தட்டைக் கீழே வைத்த சத்தத்தில் சிரிப்பு நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். “என்னங்க, அந்த மெத்த படிச்சவங்க நடுவுல நீங்கதானே உக்காந்திருக்கீங்க? கால்ல விழுந்தாவது ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க. எந்த வார்த்தையா இருந்தா என்ன? கீழ நிக்கிறது என் தம்பி. அவனுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?”

சங்கு போனான். காலில்தான் விழவில்லை, மற்றபடி எல்லாம் செய்தான். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, யாரும் கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

“இங்க பாருங்க. அவசரப்பட்டு ஒரு சொல்லை நாங்க அறிவிச்சு, அதனால ஒருத்தர் செத்தா அது ஆணையத்தோட தப்பு. சொல்லே இல்லாம ஒருத்தர் செத்தா அது விபத்து. வித்தியாசம் புரியுதா?”

“புரியுதுங்க” என்றான் சங்கு. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த அறையில் ‘புரியலை’ என்கிற சொல்லுக்கு எந்த மொழியில் என்ன அர்த்தமோ என்று பயமாக இருந்தது.

அந்தப் பயம் மெல்ல மெல்ல வீடுவரை வந்தது. முன்பெல்லாம் வாயைத் திறந்தால் தெருக்கோடிவரை கேட்கும். இப்போது பேச வாயெடுத்தால் நாக்கு நுனியில் சொல் வந்து நிற்கிறது, பின்னாலேயே அகராதி வந்து மூக்கைத் தடவுகிறார். ஒரு நாள் காலை அடுப்பில் பால் பொங்கியது. சங்கு பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளறைக்கு நடந்து போய், துணி மடித்துக்கொண்டிருந்த பெண்டாட்டியின் அருகில் குனிந்து, “பால் பொங்குது” என்று மெதுவாகச் சொன்னான். அதற்குள் அடுப்பு அணைந்து தரையெல்லாம் பால்.

“பால் போனா போகுது. உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள் அவள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது அவனை இன்னும் கலவரப்படுத்தியது.

அந்த வாரமே நடந்தது.

இரும்புக் கம்பிக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. சங்கு கிடங்கு வாயில் கைகளைப் பைக்குள் விட்டபடி நின்றான். மேற்பார்வையாளர் தூரத்து மேடையில் இருந்தார், கண்ணாடி அவரிடம் இருந்தது, கண் கண்ணாடியில் இல்லை. கட்டின் ஒரு பக்கம் வயர் நழுவுவதைச் சங்கு பார்த்தான். கட்டு சாய்ந்தது. நேர் கீழே மச்சினன் இவனுக்கு முதுகு காட்டிக் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தான்.

சங்கு வாயைத் திறந்தான். ‘நில்லு’ வந்தது, அது சூன்யம். ‘ஏய்’ வந்தது, அது இல்லை. ‘தள்ளு’ என்று வந்தது, அது என்ன என்று இன்னும் பரிசீலிக்கவில்லை. ‘ஐயோ’ தொண்டைவரை வந்து தற்செயலாகி நின்றது. தெரிந்த அத்தனை சொல்லும் வரிசையில் வந்து, ஒவ்வொன்றும் தன் குற்றத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அவன் மேற்பார்வையாளரிடம் ஓடக் கால் எடுத்தான், எடுத்த கால் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை.

கட்டு இன்னொரு முழம் நழுவியது. நிழல் மேலே விழுந்ததும் மச்சினன் நிமிர்ந்து பார்த்தான்.

“மாமா!”

அந்தக் கூச்சல் இரும்புச் சுவர்களில் மோதி மேலே எழுந்தது. துறைமுகமே நின்றது. பக்கத்துக் கப்பலில் நின்றது, சாலையில் லாரி நின்றது. உச்சியில் உச்சாணி நெம்புகோலைப் பின்னால் இழுத்தார். கட்டு தலைக்கு மேல் வெடுக்கென்று நின்றது. ஆனால் நழுவிய முனையிலிருந்த கம்பிகள் நிற்கவில்லை. அவை கால்களின் மேல் விழுந்தன.

உயிர் தங்கியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது காலைப் பிறகு பார்ப்போம் என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்டாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “நீங்க அங்கதானே நின்னீங்க?” சங்கு தலையை ஆட்டினான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஆணையத்திலிருந்து அழைப்பு வந்தபோது தண்டனை கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் சங்கு நினைத்தான். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. உள்ளே போனால் எல்லோரும் எழுந்து நின்று கை கொடுத்தார்கள்.

“வாழ்த்துகள்” என்றார் செயலாளர். “இடைக்கால ஆணைக்குப் பிறகு நடந்த முதல் விபத்து. நீங்கள் தடை செய்யப்பட்ட ஒரு சொல்லைக்கூடப் பயன்படுத்தவில்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. முன்மாதிரியான நடத்தை.”

சங்கு உட்கார்ந்தான்.

“ஆனால் பாதிக்கப்பட்டவர் ஒரு சொல்லைக் கூவியிருக்கிறார். விதிமீறல்தான். இருந்தாலும் சம்பவ இடத்தில் எல்லா மொழிக்காரர்களும் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறார்கள். ஆணையத்தின் வரலாற்றில் இப்படி ஒரு முடிவு கிடைத்ததில்லை. ஆகவே அந்தச் சொல்லை இன்று பரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறோம். தொழிலாளர் பிரதிநிதி கூவிக் காட்டவும். சம்பவத்தின்போது இருந்த அதே ஏற்ற இறக்கத்தோடு. மெதுவாக.”

“அது... என் மச்சினன் என்னைக் கூப்பிட்டதுங்க” என்றான் சங்கு.

“அதேதான். கூவுங்கள்.”

“அவன் ஆஸ்பத்திரியில கிடக்கிறான் ஐயா. காலை எடுத்துட்டாங்க.”

“மிகவும் வருந்துகிறோம். குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், வருந்துகிறோம் என்று. இப்போது கூவுங்கள்.”

சங்கு கூவினான். தணிந்த குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு. அவன் காதில் அந்தச் சத்தம் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் ஏற்ற இறக்கத்தில் ஒரு குறையும் வரவில்லை. “இரண்டாவது ‘மா’ சரியாக விழவில்லை” என்றார் அகராதி. மறுபடி கூவினான். மறுபடி.

நிபுணர்கள் ஆட்சேபணைக்கான சிவப்புச் சீட்டைத் தூக்கினார்கள். சீன நிபுணர் அம்மா என்றார். சுவாஹிலி நிபுணரும் அம்மா என்றார். ஜார்ஜிய மொழி நிபுணர் எழுந்து, எங்கள் மொழியில் மாமா என்றால் அப்பா என்றார். ஜப்பானிய மொழியில் ‘இருந்தபடியே இருக்கட்டும்’ என்றும் ஒரு பொருள் உண்டென்று வந்தது. தமிழ் நிபுணர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உறவுமுறை ஒரு பக்கம் இருந்தாலும் ‘மாமா வேலை’ என்று ஒரு வழக்கு இருக்கிறது, சபையில் விளக்க விரும்பவில்லை என்றார். விளக்கும்படி எல்லோரும் வற்புறுத்தினார்கள். விளக்கினார். சபை சிரித்தது. சங்கு விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஜையெங்கும் சிவப்புச் சீட்டு. ‘தள்ளுபடி’ என்று எழுதச் செயலாளர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் தலைவர் கண்ணைத் திறந்தார்.

“ஒரு நிமிடம். இந்தச் சொல்லை ஆட்சேபிக்காத மொழி எது?”

ஒன்றுமில்லை என்றார்கள்.

“அப்படியானால் எல்லா மொழிகளும் சம அளவில் பாதிக்கப்படுகின்றன. ஒரு மொழிக்கு மட்டும் அநீதி நடந்தால்தான் ஆட்சேபணை. எல்லோருக்கும் சமமாக நடந்தால் அது கொள்கை. சொல் ஏற்கப்பட்டது.”

அந்தக் கட்டடத்தில் முதல் முறையாகச் சத்தமாகக் கைதட்டினார்கள். நிறைவுரை ஆற்றிய தலைவரின் கண்கள் கலங்கியிருந்தன. “நம்மை ஏளனம் செய்தவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன். இன்று இந்த ஆணையம் ஒரு எளிய தொழிலாளியின் காலில் நிற்கிறது.”

துறைமுகத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இனி ‘நில்’ என்பதற்கு ஒரே அங்கீகரிக்கப்பட்ட சொல் ‘மாமா’. கேட்டவர் கேட்ட இடத்தில், எந்த நிலையில் இருக்கிறாரோ அந்த நிலையிலேயே நிற்க வேண்டும். கையைத் தூக்கியிருந்தால் தூக்கியபடி, காலைத் தூக்கியிருந்தால் தூக்கியபடி. சரி, நின்றவர்கள் மறுபடி எப்போது நகர்வது? அதற்கும் ஒரு சொல் வேண்டுமல்லவா? ஆணையத்தின் ஆயுள் அதற்காக நீட்டிக்கப்பட்டது. விடுவிப்புச் சொல் கண்டுபிடிக்கப்படும்வரை, நின்றவரின் தோளை வேறொருவர் தட்டினால் நகரலாம் என்று ஏற்பாடு.

சங்குவுக்குப் பதவி உயர்வு. தலைமைக் குரல் பயிற்றுநர். மூல அலறலை நேரில் கேட்டவன் அவன்தானே. காலையிலிருந்து மாலைவரை பல தேசத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி அந்த அலறலைக் கற்றுக்கொடுக்க வேண்டும். “மாமா!” என்று அவர்கள் கத்துவார்கள், இவன் நிற்பான். இவன் கத்துவான், அவர்கள் நிற்பார்கள். கொஞ்ச நாளில் துறைமுகம் முழுக்க அதே சத்தம். லாரி பின்னால் வந்தால் மாமா. பெட்டி ஆடினால் மாமா. யாராவது வாழைப்பழத் தோலைப் பார்த்தால்கூட மாமா. ஒவ்வொரு தடவையும் சங்குவின் உடம்பு கல்லாகும், யாராவது வந்து தோளைத் தட்டுவார்கள். உச்சாணி மட்டும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மேலே தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்று சங்கு ஒரு நாள் சொன்னான். “விட்டுட்டு? அவன் மருந்துக்கு யாரு தருவா?” என்றாள் பெண்டாட்டி. நியாயம்தான்.

மச்சினன் வீட்டுக்கு வந்துவிட்டான். கூடத்தில் ஜன்னலோரம் கட்டில். இடது கால் இருந்தது, ஊன்ற முடியவில்லை. கேலி குறைந்துவிட்டது. ஆனாலும் மாமாவிடம் ஒரு கோபமும் இல்லை. அன்றைக்கு ஏன் கத்தவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சங்கு அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுவான், சோறு பிசைந்து கொடுப்பான். கண்ணைப் பார்த்துப் பேசத்தான் முடியவில்லை.

ஒரு விடுமுறை நாள். பெண்டாட்டி கடைக்குப் போயிருந்தாள். சங்கு கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

“மாமா, கொஞ்சம் தண்ணி” என்றான் மச்சினன்.

சங்கு நின்றான். ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். நகர வேண்டும் என்று நினைத்தான். உடம்பு கேட்கவில்லை.

“மாமா? என்ன ஆச்சு? மாமா!”

அவன் கூப்பிடக் கூப்பிட இவன் இறுகினான். கண்ணிலிருந்து நீர் மட்டும் இறங்கியது. அதைத் துடைக்கவும் கை எழவில்லை. மச்சினன் கட்டிலிலிருந்து சரிந்து, தரையோடு தவழ்ந்து வந்து, காலைப் பிடித்து உலுக்கினான். கால் தோள் ஆகாது. கடையிலிருந்து வந்த பெண்டாட்டி பார்த்தபோது ஒருவன் சிலையாக நிற்கிறான், ஒருவன் அவன் காலடியில் கிடந்து அழுகிறான். அவள் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு பேரையும் மாறி மாறி அடித்தாள். அதில் ஒரு அடி தோளில் விழுந்தது. சங்கு நகர்ந்தான்.

அதற்குப் பிறகு மச்சினன் அவனைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான். தாகமெடுத்தால் அக்கா வரும்வரை படுத்திருப்பான். அவள் இல்லாத நேரத்தில் சங்கு அடிக்கொருதரம் தானாகவே போய், “மாப்ள, ஏதாவது வேணுமாடா?” என்று கேட்டுக்கொண்டிருப்பான். “ஒண்ணும் வேணாம்” என்பான் அவன். முன்னெல்லாம் அந்த ‘வேணாம்’ முடிகிற இடத்தில் ஒரு மாமா இருக்கும். இப்போது அந்த இடத்தில் அவன் வாய் சட்டென்று மூடிக்கொள்ளும்.

ஒரு நாள் மதியம், வெயில் அதிகம். சங்கு ஜன்னலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தான். மச்சினனுக்கு இருமல் வந்தது. நின்றது, மறுபடி வந்தது. செம்பு எட்டாத இடத்தில் இருந்தது. அவன் சங்குவின் முதுகை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிடுவது போல, மரியாதையாகக் கூப்பிட்டான்.

“சார்.”

சங்கு திரும்பினான்.

“கொஞ்சம் தண்ணி தர்றீங்களா சார்?”

கிண்டல் இல்லை. குரலில் ஒரு துளி கிண்டல் இருந்திருந்தால் போதும், சங்கு அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பான். அவன் கால்கள் உடனே நகர்ந்தன. செம்பை எடுத்து வந்து, தலையைத் தாங்கிப் பிடித்து, வாயில் வைத்தான்.

மச்சினன் குடித்து முடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, “தேங்க்ஸ் சார்” என்றான்.